திரை அகலமானது, உயரம் கூடவில்லை

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட ஆய்வு நூல்கள் பலவற்றில், தலைப்புப் பக்கத்தைத் திருப்பினால் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். அச்சுக்கோத்தவர்கள் எஸ்பிஐ பப்ளிஷர் சர்வீசஸ், பாண்டிச்சேரி, இந்தியா என்று அது சொல்லும். வேறு பதிப்பகங்களின் நூல்களில் அதே இடத்தில் இன்டெக்ரா என்ற பெயர் வரும். 1994-ல் தொடங்கிய அந்த நிறுவனத்தின் தலைமையிடமும் புதுச்சேரிதான். லண்டனிலும் நியூயார்க்கிலும் எழுதப்பட்ட கையெழுத்துப் பிரதி, பக்கம் பக்கமாக உருவெடுப்பது இந்த ஊரில். காலையில் நெல்லித்தோப்பு சிக்னலைத் தாண்டி வேலைக்குப் போய், பகல் முழுக்கத் திரையில் பக்கம் பார்த்துவிட்டு வீடு திரும்பும் ஒரு தலைமுறை இங்கே உருவாகியிருக்கிறது.

இந்த வேலையில் ஒரு பழைய இழுபறி உண்டு. புத்தகப் பக்கம் நெட்டுக்குத்தாக நிற்பது. கணினித் திரை படுக்கைவசமாகக் கிடப்பது. அந்தத் திரையிலும் மேலே டைட்டில் பார், அதற்கடியில் மெனு, அதற்கடியில் டூல்பார், கீழே டாஸ்க்பார் என்று ஆளுக்கொரு பங்கைப் பிடித்துக்கொண்ட பிறகு மிஞ்சும் இடத்தில்தான் பக்கத்தைப் பார்க்க வேண்டும். திரையில் இடம் மிச்சம் பிடிப்பது, கண்ணை இழுக்கும் சாமான்களை ஒதுக்குவது என்று இன்றைக்கு லினக்ஸ்காரர்கள் பேசும் பேச்சுக்கு நாற்பது வருஷ வரலாறு இருக்கிறது. அதில் புதுச்சேரிக்கும் தமிழ்நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. அந்தப் பங்கு ரசனையிலிருந்து வந்ததைவிடக் காசுத் தட்டுப்பாட்டிலிருந்து வந்ததே அதிகம்.

1981-ல் ஜெராக்ஸ் நிறுவனம் ஸ்டார் என்ற கணினியை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, அதன் விண்டோக்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறவில்லை. பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்தன. 1985-ல் வந்த முதல் விண்டோஸும் அப்படித்தான். 1690-களில் டச்சுக்காரர்கள் சில வருஷம் புதுச்சேரியைக் கையில் வைத்திருந்தபோது கட்டம் போட்டு வரைந்துவிட்டுப் போன வீதிகளைப் போல, எந்த விண்டோவும் இன்னொன்றின் எல்லைக்குள் வராது. ஆனால் 1984-ல் வந்த மேக்கின்டாஷ், மேசையில் காகிதங்களை இறைத்துப்போட்டது மாதிரி விண்டோக்களை அடுக்கிக் காட்டியது. கூட்டம் அந்தப் பக்கம் சாய்ந்தது. 1987-ல் வந்த இரண்டாம் விண்டோஸும் அதே வழிக்கு மாறியது. கட்டம் கட்டமாகப் பிரிக்கும் முறை பெருவாரியான மக்கள் கண்ணிலிருந்து மறைந்துபோனது.

அதே 1984-ல் அமெரிக்காவின் எம்ஐடியில் எக்ஸ் விண்டோ சிஸ்டம் பிறந்தது. அதன் தனித்தன்மை என்னவென்றால், திரையில் படம் வரைவது ஒரு நிரலின் வேலை, விண்டோவை எங்கே வைப்பது என்று முடிவு செய்வது வேறொரு நிரலின் வேலை. விண்டோ மேனேஜர் எனப்படும் அந்த இரண்டாவது நிரல் பிடிக்காவிட்டால், கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டிக்கொள்ளலாம். விண்டோஸிலும் மேக்கிலும் கிடைக்காத இந்தச் சுதந்திரத்தின் பலனாகத்தான் இன்று லினக்ஸில் டஜன் கணக்கில் டெஸ்க்டாப்கள் கிடைக்கின்றன. எதைத் தேர்ந்தெடுப்பது என்ற தலைவலியும் அங்கிருந்தே வருகிறது.

1996-ல் ஜெர்மனியின் மத்தியாஸ் எட்ரிக் கேடிஇ டெஸ்க்டாப்பைத் தொடங்கினார். மறுவருஷம் மெக்சிகோவின் மிகெல் தெ இகாசாவும் ஃபெதரிகோ மேனாவும் குனோமை ஆரம்பித்தார்கள். இரண்டும் வளர வளரக் கனத்தன. இவற்றுக்கு நடுவே, 1996-லேயே ஒலிவியே ஃபூர்தான் என்ற பிரெஞ்சுக்காரர் எக்ஸ்எஃப்சிஇ-யை எழுதத் தொடங்கியிருந்தார். குறைந்த நினைவகத்தில் ஓட வேண்டும், வேண்டாததைக் கழற்றிவிட முடிய வேண்டும் என்ற அதன் நோக்கம் இன்றுவரை பெரிதாக மாறவில்லை.

பிரான்சிலிருந்து இன்னொரு சேதியும் உண்டு. பிரெஞ்சு ஜாந்தார்ம் காவல்படை 2005-ல் ஓபன் ஆஃபீஸுக்கு மாறியது; 2008-லிருந்து உபுண்டு லினக்ஸுக்கு நகரத் தொடங்கியது. விண்டோஸ் எக்ஸ்பியிலிருந்து விஸ்டாவுக்குப் போனாலும் காவலர்களுக்குப் புதிதாகப் பயிற்சி கொடுத்தாக வேண்டும், அதற்கு லினக்ஸுக்கே போய்விடலாம் என்பது அவர்கள் போட்ட கணக்கு. எக்ஸ்பியிலிருந்து உபுண்டுவுக்கு வந்தவருக்குப் பெரிய வித்தியாசமாகத் தெரிபவை ஐகான்களும் விளையாட்டுகளும்தான், விளையாட்டு தங்களுக்கு முக்கியமல்ல என்று அந்த மாற்றத்துக்குப் பொறுப்பேற்ற அதிகாரி விளக்கினார். பிரெஞ்சு அரசின் ஓய்வூதியம் வாங்கும் ‘சொல்தா’ குடும்பங்கள் இன்றும் வாழும் புதுச்சேரியில் இந்தச் செய்தி அதிகம் பேசப்படவில்லை.

பேசப்படாததில் ஒரு வேடிக்கை உண்டு, ஏனென்றால் புதுச்சேரி கணினி செய்த ஊர். வரிச் சலுகை ஈர்த்ததால் எச்சிஎல், விப்ரோ, லெனோவோ, ஏசர் என்று பெரிய பெயர்களெல்லாம் இந்தச் சின்ன யூனியன் பிரதேசத்தில் ஆலை வைத்தன. நாட்டின் பல மூலைகளுக்கும் இங்கிருந்து லாரிகளில் கணினிகள் போயின.

அந்தப் பெட்டிகளின் விலை வழியாகத்தான் லினக்ஸ் சாதாரண வீடுகளுக்குள் நுழைந்தது. 2005-ல், மத்திய தகவல் தொழில்நுட்ப அமைச்சராக இருந்த தயாநிதி மாறன், பத்தாயிரம் ரூபாய்க்குள் கணினி வேண்டும் என்று நிறுவனங்களை நெருக்கிக்கொண்டிருந்தார். எச்சிஎல் 9,990 ரூபாய்க்கு ஒரு மாடலை வெளியிட்டது. வியா புராசஸர், 128 எம்பி ராம், 40 ஜிபி ஹார்டு டிஸ்க், கூடவே லினக்ஸ். விண்டோஸ் உரிமத்தின் காசைச் சேர்த்தால் அந்த விலை கட்டுபடியாகாது. வாங்கியவர்களில் பலர் செய்த முதல் காரியம், தெரிந்த பையனைக் கூப்பிட்டு லினக்ஸை அழித்துவிட்டு விண்டோஸ் சிடியைப் போட்டுக்கொண்டது. அழிக்காமல் வைத்துக்கொண்டவர்களுக்கு 128 எம்பியில் கேடிஇ திணறியது. ஐஸ்டபிள்யூஎம், எக்ஸ்எஃப்சிஇ மாதிரி இளைத்த டெஸ்க்டாப்களை அவர்கள் தேடிப் போனது வேகத்துக்காக. திரை விசாலமானது அதோடு ஒட்டிவந்த லாபம்.

தமிழ் டெஸ்க்டாப்பின் கதையும் ஏறக்குறைய இதே காலத்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு தமிழ்99 விசைப்பலகையைத் தந்தது. யூனிகோடு பரவாத அந்த நாட்களில் தமிழ் எழுத்துகள் டிஸ்கி என்ற குறியாக்கத்தில் இயங்கின. கேடிஇ-க்கு அடித்தளமான க்யூட்டி நூலகத்தில் டிஸ்கிக்கான நிரலை எழுதிச் சேர்த்தவர் நார்வேக்காரரான ஹான்ஸ் பேட்டர் பீக்கர். பல நாடுகளில் சிதறிக் கிடந்த தமிழர்கள் மின்னஞ்சல் குழுக்களில் கூடி, மெனுக்களைத் தமிழாக்கினார்கள். சென்னையில் 1998 முதல் லினக்ஸ் பயனர் குழு மாதந்தோறும் கூடிவந்தது. 2012 ஜனவரியில் தொடங்கிய ‘கணியம்’ மின்னிதழ், கட்டற்ற மென்பொருளைத் தமிழிலேயே விளக்கியது. புதுச்சேரியில் கட்டற்ற மென்பொருள் வன்பொருள் இயக்கமும் பக்கத்து விழுப்புரத்தில் ஒரு குனு லினக்ஸ் பயனர் குழுவும் கல்லூரிப் பிள்ளைகளை அருகில் உட்காரவைத்துக் கற்றுக்கொடுத்தன.

மெனுக்கள் தமிழில் வந்ததும் இடப்பிரச்சினை கண்முன் வந்து நின்றது. தமிழ் எழுத்துக்கு மேலே சுழியும் புள்ளியும் உண்டு. கீழே ‘ணூ’, ‘மூ’ போன்றவற்றின் வளைவும் உண்டு. ஆங்கிலம் படிக்கப் போதுமான எழுத்தளவில் தமிழைப் போட்டால் புள்ளி எழுத்தோடு அப்பிக்கொள்ளும்; ‘க’வா ‘க்’கா என்று கண்ணை இடுக்கிப் பார்க்க வேண்டும். எழுத்தைப் பெரிதாக்கினால் ஒவ்வொரு பட்டையும் தடிக்கிறது. கோப்பு, திருத்து, பார்வை என்று தொடங்கி ‘புத்தகக்குறிகள்’ வருவதற்குள் சின்னத் திரையின் பாதி அகலம் போய்விடும். ஆக, தமிழில் கணினியைப் பயன்படுத்துபவருக்கு, ஆங்கிலத்தில் பயன்படுத்துபவரைவிடத் திரை சற்றுச் சிறியதுதான்.

சிறிய திரையை வைத்துச் சமாளிக்கும் முயற்சி இந்தியாவில் முன்பே நடந்திருக்கிறது. பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனப் பேராசிரியர்களும் என்கோர் நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய சிம்ப்யூட்டர் உள்ளங்கையில் அடங்கும் லினக்ஸ் கணினி. திரை 320-க்கு 240 பிக்ஸல். 2004-ல் கடைக்கு வந்த அதன் அமிடா வடிவத்தில், கருவியைச் சாய்த்தால் பக்கம் திரும்பும். ஐபோன் வருவதற்கு மூன்று வருஷம் முந்தைய சங்கதி இது. பக்கம் திருப்ப ஒரு பட்டன் வைத்திருந்தால் அந்தப் பட்டனுக்கும் இடம் ஒதுக்க வேண்டியிருந்திருக்கும்.

புதுச்சேரியைச் சுற்றிய கிராமங்களில் அதற்கும் முன்பே இன்னொரு வழி நடந்தது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல் வில்லியனூரை மையமாக வைத்துத் தகவல் கிராமங்களைத் தொடங்கியது. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரக் கணிப்பை எடுத்து, வீராம்பட்டினத்தில் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். கடலுக்குப் போகிறவருக்குக் கணினியில் தேவைப்பட்டது அந்த ஒரு எண்தான். அதைத் தெரிந்துகொள்ள அவர் திரையைப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை.

2007 இறுதியில் தைவானின் அசூஸ் நிறுவனம் ஈ பிசி என்ற குட்டி மடிக்கணினியை வெளியிட்டது. 7 அங்குலத் திரை, 800-க்கு 480 பிக்ஸல், உள்ளே லினக்ஸ். 2008 ஜனவரியில் எச்சிஎல் அதே ரகத்தில் மைலீப்பைக் கொண்டுவந்தது. லினக்ஸ் ஏற்றிய மாடல் 13,990 ரூபாயில் தொடங்கியது. இங்கேதான் இட நெருக்கடி எல்லோர் கண்ணுக்கும் பளிச்சென்று தெரிந்தது. அப்போதைய குனோம் 2-ல் மேலே 24 பிக்ஸலுக்கு ஒரு பேனல், கீழே 24 பிக்ஸலுக்கு இன்னொன்று. அதோடு டைட்டில் பார், மெனு, டூல்பார், ஸ்டேட்டஸ் பார் எல்லாம் சேர்ந்தால் சுமார் 160 வரிகள் போய்விடும். 480 வரியில் அது மூன்றில் ஒரு பங்கு. சில அமைப்பு விண்டோக்களில் ‘சரி’ பட்டன் திரைக்குக் கீழே போய்விடும். ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு விண்டோவை மேலே இழுத்துத்தான் அதை அமுக்க முடியும்.

2008 ஜூனில் உபுண்டுவின் நெட்புக் ரீமிக்ஸ் அறிவிக்கப்பட்டது. எந்த விண்டோவைத் திறந்தாலும் அது தானாகவே திரை முழுக்க விரியும். டைட்டில் பார் கழன்று, பெயர் மட்டும் மேல் பேனலில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒரே நேரத்தில் ஒரே வேலை கண்ணில் பட்டது. கவனச் சிதறல் இல்லாத டெஸ்க்டாப் என்று பின்னாளில் பெரிதாகச் சொல்லப்பட்ட தன்மை, இங்கே வேறு வழியில்லாததால் வந்து சேர்ந்தது.

பெரிய மடிக்கணினி வாங்கினால் இந்தத் தொல்லை தீரும் என்று நினைத்தவர்களுக்கு வேறொரு ஏமாற்றம் காத்திருந்தது. பழைய 15 அங்குல மானிட்டர் 1024-க்கு 768 பிக்ஸல். 2009 வாக்கில் தொலைக்காட்சியின் விகிதத்தையே கணினிக்கும் கொடுக்கத் தொடங்கினார்கள். டிவி பேனலும் கணினிப் பேனலும் ஒரே அளவு விகிதத்தில் வெட்டப்பட்டால் தயாரிப்பாளருக்குச் செலவு குறையும். அடுத்த பத்து வருஷம் மலிவு விலை மடிக்கணினி என்றாலே 1366-க்கு 768. அகலத்தில் 342 பிக்ஸல் கூடியது. உயரத்தில் ஒரு வரிகூடக் கூடவில்லை. எழுதுபவருக்கும் வாசிப்பவருக்கும் நிரல் எழுதுபவருக்கும் தேவைப்படுவதோ உயரம்.

தமிழ்நாட்டு வீடுகளுக்கு இந்த 768 வரி மொத்தமாக வந்து சேர்ந்தது 2011 செப்டம்பர் 15-க்குப் பிறகு. அன்றைக்குத்தான் முதல்வர் ஜெயலலிதா இலவச மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். விண்டோஸோடு கூடவே பாஸ் லினக்ஸும் அதில் இருந்தது. மத்திய அரசின் கணினி ஆய்வு அமைப்பான சி-டாக், சென்னையில் டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்து உருவாக்கி 2007-ல் வெளியிட்ட இயங்குதளம் அது. அதே 2007 வாக்கில், தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனத்தில் நிர்வாக இயக்குநராக இருந்த சி. உமாசங்கர் தன் அலுவலகத்தையே சூசே லினக்ஸுக்கு மாற்றியிருந்தார். ஆக, அரசுத் தரப்பில் லினக்ஸ் புதுச் சரக்கல்ல. ஆனால் எந்த இயங்குதளம் வேண்டும் என்று கணினியைத் திறந்ததும் கேட்கும் கேள்விக்கு, பெரும்பாலான மாணவர்கள் விண்டோஸ் என்றே பதில் சொன்னார்கள். பாஸைத் திறந்தவர்களை வரவேற்றது மேலே ஒன்று கீழே ஒன்று என்று இரண்டு பேனல் போட்ட பழைய குனோம்.

உலகில் அந்த முகம் அந்த வருஷமே மாறிப்போயிருந்தது. 2011 ஏப்ரலில் வந்த குனோம் 3, கீழ் பேனலை எடுத்துவிட்டு மேலே ஒரு கறுப்புப் பட்டையை மட்டும் வைத்தது. விண்டோவைச் சுருக்கும் பட்டனையும் எடுத்தது. அதே மாதம் உபுண்டு 11.04 யூனிட்டி என்ற தன் சொந்த டெஸ்க்டாப்போடு வந்தது. அதன் லாஞ்சர் இடப்பக்க ஓரத்தில் செங்குத்தாக நின்றது. விண்டோவை முழுக்க விரித்தால் மெனுவும் டைட்டிலும் மேல் பட்டைக்குள் ஒடுங்கின. அகலம் உபரியாகக் கிடக்கிறது, உயரம்தான் அரிது என்ற காரணத்தை உபுண்டுவை நிறுவிய மார்க் ஷட்டில்வர்த் வெளிப்படையாகவே சொன்னார். பலருக்குப் பிடிக்கவில்லை. லினக்ஸ் கெர்னலை எழுதிய லினஸ் டோர்வால்ட்ஸ் குனோம் 3-ஐத் திட்டிவிட்டு எக்ஸ்எஃப்சிஇ-க்குப் போனார். பழைய குனோமை அப்படியே காப்பாற்ற அர்ஜென்டினாவிலிருந்து ஒருவர் தொடங்கிய கிளை மாட்டே ஆனது. யூனிட்டியை உபுண்டு 2017-ல் கைவிட்டது. இடப்பக்க லாஞ்சரை மட்டும் இன்றுவரை விடவில்லை.

குனோம் செய்த அடுத்த காரியம் இரண்டுங்கெட்டான். 2013-ல் டைட்டில் பாரையும் டூல்பாரையும் ஒன்றாக்கி ஒரே பட்டை ஆக்கினார்கள். கணக்குப்படி இடம் மிச்சமாக வேண்டும். ஆனால் விரலுக்கும் எட்ட வேண்டும் என்று அந்தப் பட்டையைத் தடிமனாக்கியதால், மிச்சம் பிடித்ததில் பாதி கைநழுவியது.

இதற்கிடையே, ஜெராக்ஸ் காலத்துக் கட்ட முறை சத்தமில்லாமல் திரும்பியிருந்தது. 2000-ல் ஷான் பெட்ஸ் எழுதிய ரேட்பாய்சன், பெயருக்கேற்றபடி மவுஸைக் கொல்ல வந்தது. பட்டையும் இல்லை, ஓரமும் இல்லை, எல்லாம் கீபோர்டுதான். 2006-ல் வந்த டிடபிள்யூஎம், தன் மூல நிரல் 2000 வரியைத் தாண்டக்கூடாது என்று தானே எல்லை போட்டுக்கொண்டது. 2007-ல் பிரான்சின் ஜூலியன் தாஞ்சூ ஆசம் விண்டோ மேனேஜரைத் தொடங்கினார். 2009-ல் ஜெர்மனியின் மிஷெயில் ஷ்டாப்பெல்பெர்க் எழுதிய ஐ-3, படித்துப் புரிந்துகொள்ளும்படியான கையேட்டோடு வந்ததால் பரவலாகப் போனது. இரண்டு விண்டோ திறந்தால் திரை இரண்டாகப் பிரியும். மூன்று திறந்தால் மூன்றாகும். டைட்டில் பாரை எடுத்துவிட்டால் இரண்டு பிக்ஸல் ஓரக்கோடு மட்டும் மிஞ்சும். கீழே உள்ள ஒல்லியான பட்டையையும் ஒரு விசையை அழுத்தும்போது மட்டும் தோன்றும்படி ஒளித்துவைக்கலாம்.

அப்படி எல்லாவற்றையும் ஒளித்துவைக்க ஆங்கிலத்தில் எழுதுபவரால் முடியும். தமிழில் எழுதுபவருக்கு ஒரு தடங்கல் உண்டு. ஐபஸ் அல்லது ஃபிசிடிஎக்ஸ் என்ற உள்ளீட்டு நிரல் வழியாகத் தமிழ்99-க்கும் ஆங்கிலத்துக்கும் மாறி மாறித் தட்டும்போது, இப்போது எந்த மொழியில் இருக்கிறோம் என்பதைப் பேனலின் ஓரத்தில் உள்ள சின்னக் குறிதான் காட்டும். பேனலை மறைத்தால் அதுவும் மறைந்துவிடும். தலையை நிமிர்த்தாமல் தட்டிக்கொண்டே போய், ஒரு வரி முடித்துப் பார்த்தால் திரையில் ஆங்கில எழுத்துக் குப்பை கிடக்கும். அதனால் தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்குத் தோதான டெஸ்க்டாப், ஒரே ஒரு பட்டையை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் விலக்குவது.

அதற்கு இன்று மூன்று வழிகள் எளிது. குனோமில் மேல் பட்டை ஒன்றுதான். மொழிக் குறி அதிலேயே இருக்கும். ஆனால் நினைவகம் கொஞ்சம் தாராளமாக வேண்டும். கேடிஇ-யில் பேனலை எந்த ஓரத்துக்கும் நகர்த்தலாம். விரித்த விண்டோக்களின் டைட்டில் பாரை நீக்கும் வசதியும் உண்டு. பழைய கணினிக்கு எக்ஸ்எஃப்சிஇ. 2012-ல் வந்த அதன் 4.10 பதிப்பிலிருந்து, பேனலை இடப்பக்கம் செங்குத்தாக நிறுத்தினாலும் எழுத்துகள் படுக்காமல் நேராக நிற்கும் ‘டெஸ்க்பார்’ முறை இருக்கிறது. இன்னும் இளைத்தது வேண்டுமென்றால், தைவானின் ஹாங் ஜென் யீ 2006-ல் தொடங்கிய எல்எக்ஸ்டிஇ-யின் வாரிசான எல்எக்ஸ்க்யூட்டி இருக்கிறது.

இந்தத் தேர்வுக்கு இப்போது ஒரு அவசரமும் சேர்ந்திருக்கிறது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்புச் சில்லும் புதிய புராசஸரும் இல்லாத கணினிகளைக் குப்பைக்கு அனுப்பாமல் லினக்ஸுக்கு மாற்றச் சொல்லி, கேடிஇ உள்ளிட்ட அமைப்புகள் பிரசாரம் நடத்தின. புதிய மடிக்கணினிகள் பலவற்றில் 1920-க்கு 1200 என்று உயரம் மெல்லத் திரும்பி வந்துகொண்டிருக்கிறது. இப்படி மீட்டெடுக்கப்படும் பழைய கணினிகளிலோ பெரும்பாலும் அதே 768 வரிதான். அவற்றில் எக்ஸ்எஃப்சிஇ-யை ஏற்றி, கீழே உள்ள பேனலை நீக்கிவிட்டு மேல் பேனலை இடப்பக்கம் நிறுத்த ஐந்து நிமிஷம் போதும். மொழிக் குறி கண்ணில் இருக்கும், 768 வரியும் விண்டோவுக்கே கிடைக்கும்.